ஒரே ஒருவருக்காக நாடகம் போட்டவர்கள் வாருங்கள்: மனசை விட்டுப் போகாத ஒரு சந்திப்பு

மொட்டைமாடி:

நாங்கள் ஏழு பேர். பத்து நிமிட நாடகத்துக்கு நான்கு மாத ஒத்திகை. புதுச்சேரியில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டு. பார்வையாளர் ஒருவர் மட்டும் உள்ளே வருவார், பாயில் உட்காருவார். எதிரே நான் தயிர்சாதம் பிசைந்து, உருட்டி, அவர் உள்ளங்கையில் வைப்பேன். கடைசியாக உங்களுக்கு இப்படி உருட்டிப் போட்டது யார் என்று கேட்பேன். மீதி உங்களுக்கே தெரியும். வெளியே ஒருவர் நேரம் பார்ப்பார், ஒன்பதாவது நிமிடம் கதவைத் தட்டுவார், அதற்குள் அடுத்தவர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார்.

மூன்றாம் நாள் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் வந்தார். கையை நீட்டினார், உருண்டையை வைத்தேன். சாப்பிடவில்லை. கேள்விக்கும் பதில் இல்லை. உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தயிர் மணிக்கட்டில் இறங்கி, வாட்ச் பட்டைக்குள் புகுந்து, முழங்கையில் சொட்டாகத் திரண்டு நின்றது. அழுதால் என்ன செய்வது, சிரித்தால் என்ன, திட்டிவிட்டு எழுந்து போனால் என்ன என்று எல்லாவற்றையும் ஒத்திகை பார்த்திருந்தோம். சும்மா கையில் வைத்துக்கொண்டே இருந்தால் என்ன செய்வதென்று யாரும் யோசிக்கவில்லை. கதவு தட்டும் சத்தம். அவர் எழுந்தார். "இதை எங்க வைக்கிறதுங்க?" என்றார்.

நான் முழித்தேன். சோற்றோடு போய்விட்டார். இரண்டு வருடம் ஆகிறது.

வெயில்காலம்:

தோழர், நீங்கள் இதை அழகாக எழுதிவிட்டீர்கள். எனக்கு அதுதான் இடிக்கிறது. முன்பின் தெரியாதவர் பிசைந்த சோற்றை உள்ளங்கையில் வாங்குவது நம் ஊரில் வெறும் பாசம் மட்டும்தானா? ஒத்திகையில் ஏழு பேரும் ஒருவருக்கொருவர் ஊட்டிப் பார்த்திருப்பீர்கள், சிக்கல் இருந்திருக்காது. குழு ஆகிவிட்டால் இதெல்லாம் மறந்துவிடும்.

எங்கள் நாடகத்திலும் சாப்பாடு உண்டு. மதுரைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். தட்டில் சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கொடுப்பது நான். நடிப்பவர் பொய் சொல்லக்கூடாது என்பது குழுவாகப் போட்டுக்கொண்ட விதி. ஒரு அம்மா உட்கார்ந்ததும் கேட்டார்: "நீ ஊருக்குள்ளயாம்மா, அந்தப் பக்கமா?" நாக்கு ஒட்டிக்கொண்டது. "அந்தப் பக்கம்தாம்மா" என்றேன். தட்டை வாங்கினார். மடியில் வைத்தார். முந்தானையால் மூடினார். "வீட்டுல போய்ச் சாப்பிட்டுக்கிறேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அன்று ராத்திரி குழு கூடியது. சாப்பாட்டை எடுத்துவிடலாம் என்று நாலு பேர், அதுதான் நாடகமே என்று மூன்று பேர். வாக்கெடுப்பெல்லாம் நடந்தது. அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தது நான் ஒருத்திதான்.

கதவோரம்:

நான் கதவைத் தட்டுகிற ஆள். எல்லாக் குழுவிலும் என்னைப் போல ஒருவர் இருப்பார், பெயர் கடைசியில் வரும்.

சோறாவது பரவாயில்லை. நாங்கள் கண்ணையே கட்டினோம். பெல்ஜியத்தில் கெண்ட் நகரத்துக் குழு ஒன்று, ஒன்ட்ரூரெண்ட் ஹூட், பார்வையாளரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துக் கண்ணையும் கையையும் கட்டி அழைத்துப் போனதல்லவா, அதைப் பற்றிப் படித்துவிட்டு எங்களுக்கும் ஆசை. படித்ததோடு சரி, பார்த்தவர் யாருமில்லை. உள்ளே போகுமுன் நான் சொல்வேன்: "வேண்டாம்னு தோணினா கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திடுவோம்." சொல்லிவிட்டு இரண்டு கையையும் நாற்காலியோடு சேர்த்துத் துணியால் கட்டுவேன்.

பதினோரு பேருக்கு இப்படிச் செய்தேன். எங்களில் ஒருவருக்குக்கூட உறைக்கவில்லை. பன்னிரண்டாவதாக வந்தது ஒரு கல்லூரிப் பெண். பாதியில் அவள் வலது கையின் ஆள்காட்டி விரல் மட்டும் மேலே மேலே எழும்பிக்கொண்டிருந்தது. நன்றாக உள்வாங்குகிறாள் என்று நினைத்தோம். கட்டை அவிழ்த்ததும் என்னிடம் சொன்னாள்: "அண்ணா, தூக்கினேனே."

பட்டறை பழசு:

மேலே எழுதிய தம்பிக்கு. நடந்தது நடந்துவிட்டது, இனிமேல் செய்பவர்களுக்காகச் சொல்கிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும்.

முதலில் கணக்கு. பத்து நிமிடம் நாடகம், ஐந்து நிமிடம் பாய் தட்டி, பாத்திரம் கழுவி, தண்ணீர் குடிக்க. மணிக்கு நாலு பேர். மூன்று மணி நேரத்தில் பன்னிரண்டு பேர். ஒரே ஆள் பன்னிரண்டு பேரையும் எதிர்கொள்ளக்கூடாது. ஆறோடு நிறுத்தி மாற்றி விடுங்கள். ஆறாவது ஆளைத் தாண்டினால் கண் மட்டும்தான் பார்க்கும், மனசு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கும்.

இரண்டாவது, தொடுவது. ஏட்ரியன் ஹவல்ஸ் என்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இருந்த நாடகக் கலைஞர், 2014இல் காலமானார். ஒவ்வொருவராக உட்காரவைத்துக் காலைக் கழுவி, எண்ணெய் தடவி விடுவதே ஒரு முழு நிகழ்ச்சியாகச் செய்தவர். கடைசியில் பாதத்தில் முத்தமிடலாமா என்று வாய்விட்டுக் கேட்டுத்தான் செய்வார். கேட்பதையே நாடகத்துக்குள் வைத்துவிட்டார் பாருங்கள். நம் ஆட்கள் வாசலிலேயே ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிட்டு அதோடு முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

மூன்றாவது, மொட்டைமாடி தோழருக்கு. கதவைத் தட்டுவதை முதலில் நிறுத்துங்கள். 2010இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் நிகழ்த்துகலைஞர் மரீனா அப்ரமோவிச் பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாரே, எதிரே ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் வந்து உட்கார்ந்தார்கள். எழுந்து போவது அவரவர் இஷ்டம். நடுவே இருந்த மேசையைக்கூடப் பாதியில் எடுத்துவிட்டார். (அவரைச் சுற்றிக் கூட்டம் நின்று வேடிக்கை பார்த்தது வேறு விஷயம். அது தனிமையே இல்லை என்பது என் கட்சி.) வெளியே ஒரு பெஞ்சு, ஒரு டீ, பேச விருப்பமிருந்தால் பேச ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நடித்தவராக இருக்கக்கூடாது. "எப்படி இருந்தது" என்று கேட்கவும் கூடாது.

என் கதை சின்னது. நாங்களும் கால் கழுவினோம். ஒரு பெரியவர் என் கையிலிருந்து சொம்பை வாங்கி, குனிந்து, என் காலில் தண்ணீரை ஊற்றினார். நான் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

குடுகுடுப்பை:

கிளி ஜோசியக்காரர் மரத்தடியில் உட்கார்ந்து ஐம்பது வருடமாகச் செய்வதை நீங்கள் நாலு மாதம் ஒத்திகை பார்க்கிறீர்கள். ஒருவருக்கு மட்டும் நாடகம் என்பது குறி சொல்வதுதானே? கையைப் பிடி, முகத்தைப் பார், அவர் வாயிலிருந்தே கதையைப் பிடுங்கு. குற்றாலக் குறவஞ்சியில் சிங்கி வசந்தவல்லியின் கையைப் பிடித்துச் செய்வது வேறென்ன?

வெயில்காலம்:

அது சிங்கி வசந்தவல்லிக்குச் சொல்வது, பார்ப்பது ஊர் முழுவதும். அப்புறம், குறிகாரருக்குக் காசு கிடைக்கும். எங்களுக்கு வாடகைக்கே கையைக் கடித்தது. பன்னிரண்டு டிக்கெட், ஏழு பேர், கணக்கு நீங்களே போடுங்கள். பட்டறை அண்ணா, நீங்கள் சொன்னதெல்லாம் சரி, ஆனால் காலை ஏன் இழுத்துக்கொண்டீர்கள் என்று எழுதவே இல்லையே?

பட்டறை பழசு:

தெரிந்திருந்தால் எழுதியிருப்பேன் அம்மா.

மொட்டைமாடி:

வெயில்காலம் சொன்னதை அன்றைக்கே எங்களில் ஒருவன் சொன்னான். நான்தான் கத்தினேன், எல்லாவற்றிலும் அதைத் தேடாதே என்று. அவர் யார், என்ன நினைத்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்த மாதிரி எழுதியிருந்தால் தப்பு என்னுடையது.

கதவைத் தட்டுவதையும் விட்டோம். நடிப்பவர் சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கை கழுவினால் முடிந்தது என்று வைத்துக்கொண்டோம். சில பேர் இருபது நிமிடம் உட்கார்ந்தார்கள், வாசலில் சண்டை வந்தது, அது தனிக் கதை.

மறுநாளிலிருந்து வெளியே போகும் வழியில், திண்ணை ஓரமாக, ஒரு நறுக்கு வாழையிலை போட்டு வைத்தோம். யாரிடமும் அதைப் பற்றிச் சொல்லவில்லை. கடைசி நாள் ராத்திரி பாய் சுருட்டும்போது பார்த்தேன். இலையில் மூன்று உருண்டைகள். இரண்டு நான் பிடித்த வடிவத்திலேயே இருந்தன. மூன்றாவது பாதிதான் இருந்தது. பாக்கியை யாரோ மறுபடி உருட்டி வைத்திருந்தார்கள், என் கை அளவைவிடச் சின்னதாக.