பழைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: பெல் ஹவுசிங் ஒட்டி உக்காரல

சேலத்துக்காரன்: வேற வண்டியில கழட்டின கியர்பாக்ஸை மாட்டுறோம். இன்ஜினுக்கும் பெல் ஹவுசிங்குக்கும் (கியர்பாக்ஸோட முன்பக்கக் கூடு) நடுவுல ஒரு விரல் இடைவெளி நிக்குது. போல்ட்டை முறுக்கி இழுத்துடலாமா அண்ணே?

அடிவாரம்: வேண்டாம் தம்பி, ஆயில் பம்ப் உடையும். டார்க் கன்வெர்ட்டர், அதான் இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியா கியர்பாக்ஸுக்குக் கொடுக்கிற பாகம், முழுசா உள்ள இறங்கல. கியர்பாக்ஸை இறக்கி, கன்வெர்ட்டரை உள்ள தள்ளிக்கிட்டே சுத்துங்க. ரெண்டு மூணு தடவை ‘டக்’னு விழும். ஹவுசிங் சேர்ந்தப்புறம் கன்வெர்ட்டர், பிளெக்ஸ் பிளேட்டுக்கு (இன்ஜின் பின்னாடி சுத்துற தட்டு) முன்னாடி சில மில்லிமீட்டர் விட்டு, கையால சுத்துற மாதிரி இருக்கணும்.

கொண்டைஊசி20: ஆயில் கூலர் பைப்பைக் கழுவாம விட்டா பழைய இரும்புத்தூள் வால்வு பாடியை (ஆயிலைத் திருப்பிவிட்டு கியர் மாத்துற பாகம்) அடைக்கும். கன்வெர்ட்டர்ல கருகின வாடை வந்தா அதை மாட்டவே மாட்டாதீங்க, ஏற்காடு ஏத்தத்துல கழுத்தறுக்கும்.

சேலத்துக்காரன்: பம்ப் சீல் பழசே போதுமா?

அடிவாரம்: புதுசு போடுங்க. சீலோட உதட்டுல (உள் விளிம்புல) ஆயில் தடவிட்டு மாட்டுங்க, காஞ்சு ஏறினா கிழியும்.