ஆறு வயதுக்குள் ஒரு ஆள் உருவாகி முடிந்துவிடுகிறதா?

வேர்முடிச்சு:
சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். முதல் ஐந்தாறு வருடங்களில் கோட்டை விட்டதைப் பிறகு முழுசாக மீட்க முடியாது என்பது என் கருத்து. பிறக்கும்போது மூளையின் எடை, வளர்ந்தவரின் மூளையில் ஏறக்குறைய கால் பங்குதான். ஆறு வயதுக்குள் அது 90 சதவீதத்தை நெருங்கிவிடுகிறது. ஓடி விழுந்த குழந்தை எழுந்ததும் முதலில் சுற்றுமுற்றும் பார்க்கும், தூக்க யாராவது வருகிறார்களா என்று. சில குழந்தைகள் அப்படிப் பார்ப்பதே இல்லை. முழங்காலைத் தட்டிவிட்டுப் போய்விடும். பார்ப்பவர்கள் 'தைரியசாலி' என்பார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கும். 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்று பெரியவர்கள் சும்மா கேட்கவில்லை.

மாலைவகுப்பு:
ஐம்பதில் வளைவதைத்தான் நான் தினமும் பார்க்கிறேன். முதியோருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். அறுபதை நெருங்கும் ஒரு அம்மா, முதலில் பென்சிலை முஷ்டிக்குள் இறுக்கிப் பிடித்துத் தாளைக் கிழித்துவிடுவார். இப்போது மாத்திரை அட்டையைத் திருப்பித் தேதி பார்த்துத் தானே எடுத்துக்கொள்கிறார். அதைவிட முக்கியமானது, வகுப்பில் எதிர்த்துப் பேசுகிறார். முன்பு தலையாட்ட மட்டும்தான் தெரியும். உளவியலாளர் எரிக்சன் 1950இல் மனித வாழ்வை எட்டுக் கட்டங்களாகப் பிரித்தாரே, அதில் கடைசி மூன்றும் இளமைப் பருவம் தொடங்கி முதுமை வரைக்கும் உரியவை. ஆறோடு கதை முடிந்துவிடும் என்றால் அந்த மூன்றும் எதற்கு?

வேர்முடிச்சு:
படிக்கக் கற்றுக்கொள்வதைப் பற்றி நான் பேசவில்லை, ஐயா. இன்னொரு மனிதரை நம்பக் கற்றுக்கொள்வதைச் சொல்கிறேன். ருமேனியாவில் 1989 டிசம்பரில் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி விழுந்தபின் அங்கிருந்த அநாதை இல்லங்களை உலகம் பார்த்தது. வரிசையாகக் கட்டில்கள், ஆனால் அழுகைச் சத்தம் இல்லை. அழுதால் யாரும் வருவதில்லை என்று குழந்தைகள் தெரிந்துகொண்டுவிட்டன. அவர்களில் சிலரை பிரிட்டனில் தத்தெடுத்தார்கள். மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டரின் குழு அவர்களைப் பெரியவர்களாகும் வரை தொடர்ந்து பார்த்தது. ஆறு மாதத்துக்குள் வெளியே வந்தவர்கள் பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்தார்கள். அதற்கு மேல் உள்ளே இருந்தவர்களில் பலருக்குக் கவனம், நெருக்கம் இரண்டிலும் சிக்கல் பெரியவர்களான பிறகும் நீடித்தது. அன்பான வீடு கிடைத்தும்!

எண்ணும்எழுத்தும்:
அதே ஆய்வில் நீங்கள் சொல்லாமல் விட்ட பாதியையும் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தவர்களிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு எந்த வயதிலும் சிக்கல் தென்படவில்லை. சிறு வயதில் பின்தங்கியிருந்த அறிவுத்திறன், அவர்கள் வளர்ந்து ஆளானபோது சராசரிக்கு வந்துவிட்டது. ஒரே ஆளுக்குள் ஒன்று மீள்கிறது, இன்னொன்று மீளவில்லை. அதனால் 'முடிந்துவிடுகிறதா' என்று மொத்தமாகக் கேட்டால் பதிலே கிடைக்காது. எது முடிகிறது என்று கேட்க வேண்டும்.

பார்வை விஷயத்தில் வேர்முடிச்சு சொல்வது சரி. மூளை ஆய்வாளர்கள் ஹூபெலும் வீசலும் பூனைக்குட்டியின் ஒரு கண்ணை முதல் சில மாதங்கள் மூடிவைத்தார்கள். பிறகு திறந்தும் அந்தக் கண்ணால் சரியாகப் பார்க்க முடியவில்லை. வளர்ந்த பூனைக்கு அதையே செய்தபோது பாதிப்பில்லை. 1981இல் அவர்களுக்கு நோபல் கிடைத்தது. ஆனால் கண்ணுக்குப் பொருந்துவதைக் குணத்துக்கும் வாழ்க்கைக்கும் அப்படியே நீட்டுவதுதான் தவறு. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 பேரை உளவியலாளர் எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். வறுமை, வீட்டில் சச்சரவு என்று எல்லாமே எதிராக இருந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே வளர்ந்தார்கள். மீதிப் பேரில் பதின்ம வயதில் தடம் புரண்டவர்களிலும் பெரும்பாலானோர் நாற்பதுக்குள் நிமிர்ந்துவிட்டார்கள். மறுபடி படிப்பு, ஒரு நல்ல துணை, நிலையான வேலை. இவை எல்லாமே ஆறு வயதுக்கு ரொம்பத் தள்ளி வந்தவை.

இளவேனில்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். குழந்தை பிறந்ததும் உடம்பு முடியாமல் முதல் வருடத்தில் பாதி நாள் நான் படுக்கையில்தான் இருந்தேன். இப்படிப் பேசுவதைப் படிக்கும்போதெல்லாம் அவனுக்கு எதையோ கெடுத்துவிட்டேன் என்று தோன்றுகிறது.

வேர்முடிச்சு:
அந்த நாட்களில் அவன் அழுதால் யார் தூக்கினார்கள், சகோதரி?

இளவேனில்:
அவன் அப்பாவும் என் அம்மாவும் மாறி மாறி.

வேர்முடிச்சு:
அப்படியானால் நான் சொல்வது உங்கள் வீட்டைப் பற்றி இல்லை. அந்த இல்லங்களில் இல்லாமல் போனது, திரும்பத் திரும்ப வரும் ஒரே முகம். உங்கள் பையனுக்கு அப்படி இரண்டு முகங்கள் இருந்திருக்கின்றன. அந்த முகம் தாயுடையதாக மட்டும்தான் இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

மாலைவகுப்பு:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். 'முதல் வருடங்கள்தான் எல்லாம்' என்ற பேச்சு கடைசியில் தாய்மார்கள் தலையில்தான் விடிகிறது. இன்னொரு பக்கம், பதினாலு வயதுப் பையனைப் பார்த்து 'இனி இவன் அவ்வளவுதான்' என்று கைகழுவவும் அதுவே சாக்காகிறது.

வேர்முடிச்சு:
கைகழுவச் சொல்லவில்லை. நியூசிலாந்தின் டனீடனில் 1972-73இல் பிறந்த 1,037 பேரைத் தொடர்ந்து பார்த்தார்களே, சின்ன வயதில் இருந்த சுயக்கட்டுப்பாடு 32 வயதில் உடல்நலம், பணநிலை வரை எதிரொலித்தது. அதை என்ன செய்வது?

எண்ணும்எழுத்தும்:
அதே டனீடனில், வளர வளரச் சுயக்கட்டுப்பாடு கூடியவர்கள், தொடக்கத்தில் எங்கே இருந்தார்களோ அதை வைத்துக் கணித்ததைவிட நன்றாக இருந்தார்கள். தொடக்கம் பலமான காற்றாக இருக்கலாம். அது வீசும் திசையிலேயே எல்லாரும் போய்விடவில்லை.

மாலைவகுப்பு:
முதுமையையும் மறந்துவிடாதீர்கள். பியானோ மேதை ரூபின்ஸ்டைனை, முதுமையை ஆராய்ந்த உளவியலாளர் பால்டெஸ் அடிக்கடி உதாரணம் காட்டுவார். வயதானபின் அவர் குறைவான பாடல்களையே எடுத்துக்கொண்டு அவற்றைக் கூடுதலாகப் பயிற்சி செய்தார். வேகமான பகுதி வருவதற்கு முன் கொஞ்சம் மெதுவாக வாசிப்பார். அடுத்து வருவது கேட்பவருக்கு வேகமாகவே ஒலிக்கும். விரல் தளர்ந்தபிறகு கண்டுபிடித்த வழி அது. இழப்புக்கு நடுவிலும் ஆள் வளர்கிறார் என்பதற்கு வேறென்ன வேண்டும்?

வேர்முடிச்சு:
அவருக்குப் பின்னால் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த பயிற்சி இருந்தது. நம்பிக்கையே இல்லாமல் வளர்ந்த பதினாலு வயதுக்காரனுக்கு அப்படி எதுவும் இல்லை. அவனும் மாறலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குழந்தையாக இருந்தபோது மடியில் வைத்துக்கொண்டிருந்தாலே போதுமானதாக இருந்ததற்கு, இப்போது வருடக்கணக்கில் விலகாத ஒரு ஆள் வேண்டும். அவன் திட்டுவான், ஓடிப்போவான், அப்போதும் நிற்க வேண்டும். அந்த ஆளை யார் கொடுப்பார்கள், எத்தனை வருடம் கொடுப்பார்கள்? அதைச் சொல்லாமல் 'எந்த வயதிலும் மாறலாம்' என்று மட்டும் சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.