ஜவுளிக்கடை இருமொழித் தளம்: தமிழுக்கு மாற்றினால் பட்டன் வெட்டுப்படுகிறது, தேடல் வேலை செய்யவில்லை

கேள்வி – லேஅவுட்_கோவை

பட்டுச் சேலைக் கடை ஒன்றுக்கான தளம். ஆங்கிலப் பக்கத்தில் ஒரு குறையும் இல்லை. தமிழுக்கு மாற்றினால் பட்டனில் 'கு', 'ரூ' இவற்றின் அடிப்பாகம் வெட்டுப்படுகிறது. தலைப்பில் 'இ', 'ஜ' எழுத்துகளின் உள்வட்டம் அடைத்துக்கொள்கிறது. மொபைலில் நீளமான சொல் பெட்டியைத் தாண்டி வெளியே போகிறது. கடையின் பழைய பேஜ்மேக்கர் (அச்சுப் பக்க வடிவமைப்பு மென்பொருள்) ஃபைலிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய சேலை விவரங்கள் தேடலில் வருவதே இல்லை. எழுத்துரு முக்தா மலர், 400 எடை (சாதாரணத் தடிமன்) மட்டும் ஏற்றியிருக்கிறது. லைன்-ஹைட் (வரி உயரம்) எல்லா இடத்திலும் 1.2. எங்கிருந்து தொடங்கலாம்?

பதில் – எழுத்துரு_ஆர்வலர்

முதலில் லைன்-ஹைட். ஆங்கிலத்துக்குப் போட்ட 1.2 தமிழுக்குப் போதவே போதாது. மேலே புள்ளியும் இகர விசிறியும், கீழே உகரக் குறியும் இருக்கின்றன; இரண்டுக்கும் இடம் வேண்டும். பத்திக்கு 1.7, தலைப்புக்கு 1.4 என்று தமிழ்ப் பக்கத்துக்கு மட்டும், மொழியைப் பார்த்துப் பொருந்தும் :lang(ta) செலக்டரில் கொடுங்கள்.

ஆனால் எழுத்தை வெட்டுவது லைன்-ஹைட் அல்ல, அதோடு சேர்ந்த ஓவர்ஃப்ளோ ஹிடன் (பெட்டியை மீறுவதை மறைக்கும் விதி). பட்டனில் நிலையான உயரம் கொடுத்து, மிஞ்சிய எழுத்தை முப்புள்ளியாக்க ஹிடன் போட்டிருப்பீர்கள். உயரத்தை எடுத்துவிட்டு மின்-ஹைட்டும் (குறைந்தபட்ச உயரம்) மேல், கீழ் பேடிங்கும் (உள் இடைவெளி) கொடுங்கள். லைன்-கிளாம்ப் (இத்தனை வரியோடு நிறுத்தும் விதி) போட்ட கார்டுகளையும் பாருங்கள், அங்கும் இதே கதைதான்.

உள்வட்டம் அடைவதற்குக் காரணம் போலி போல்டு. 700 எடையை ஏற்றாததால் பிரவுசர் 400-ஐயே தடிமனாக்கிக் காட்டுகிறது. 600 எடையை ஏற்றி, பிரவுசர் போலி வடிவம் உண்டாக்காமலிருக்க 'ஃபான்ட்-சிந்தசிஸ்: none' போடுங்கள். சாய்வெழுத்தும் அத்தோடு நிற்கும். முக்தா மலரில் சாய்வு வடிவம் கிடையாது, பிரவுசர் சாய்த்துக் காட்டுவது பார்க்கச் சகிக்காது. ஃபைல் பாரத்தைக் குறைக்க சப்செட் செய்தால் (வேண்டாத எழுத்துகளை நீக்கினால்) எழுத்துகளைச் சேர்த்து வடிவமாக்கும் ஜிசப் (GSUB) அட்டவணை போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது போனால் 'மு', 'கூ' எல்லாம் எழுத்து தனி, குறி தனி என்று பிரிந்து நிற்கும்.

பதில் – கட்டம்_போடுபவர்

நீளச் சொல்லுக்கு ஓவர்ஃப்ளோ-ராப் (பெட்டியைத் தாண்டும் சொல்லை உடைக்கும் விதி). பலரும் கண்ணை மூடிக்கொண்டு 'எனிவேர்' போட்டுவிடுகிறார்கள். அது பெட்டியின் குறைந்தபட்ச அகலத்தையும் சேர்த்துக் குறைத்துவிடும். ஃபிளெக்ஸுக்குள் (பெட்டிகளை வரிசையாக அடுக்கும் அமைப்பு) இருந்தால் வரிக்கு ஓர் எழுத்தாகத் தொங்கும். 'பிரேக்-வேர்ட்' போட்டு, அந்தப் பெட்டிக்கு மட்டும் மின்-விட்த் (குறைந்தபட்ச அகலம்) 0 கொடுங்கள்.

இன்னொன்று, பிரவுசர் தானாக உடைத்தால் 'க்', 'ப்' போன்ற ஒற்று அடுத்த வரியின் தொடக்கத்தில் வந்து நிற்கக்கூடும். மெனு, தலைப்பு இரண்டிலும் நீங்களே சாஃப்ட் ஹைபன் (உடைக்கும்போது மட்டும் தெரியும் கோடு; கீழே | என்று காட்டியது) வையுங்கள்: 'விற்பனைக்|கூடம்' என்று ஒற்று முன்சொல்லோடு போக வேண்டும். நம் செய்தித்தாள்கள் கோடு போடாமலே சொல்லை உடைக்கின்றன. அதே தோற்றம் வேண்டுமானால் ஹைபனேட்-கேரக்டருக்கு (உடைக்கும் இடத்தில் வரும் குறி) காலி மதிப்பு ("") கொடுங்கள்.

பதில் – தரவுத்_துப்புரவு

தேடல் கிடைக்காததற்குப் பெரும்பாலும் காரணம் 'ர்'. பழைய எழுத்துருக்களில் காலும் ரகரமும் பார்க்க ஒன்றுபோல இருந்ததால், மாற்றும்போது 'பார்டர்' என்பது கால்குறியின் மேல் புள்ளி வைத்து 'பாா்டா்' என்று விழுந்திருக்கும். திரையில் அநேகமாக வித்தியாசமே தெரியாது, தேடலுக்கோ அது வேறு சொல். காலுக்குப் பின் புள்ளி தமிழில் எங்கும் வராது என்பதால் அந்த ஜோடியை மொத்தமாக 'ர்' ஆக மாற்றுவதில் ஆபத்தில்லை.

அடுத்து 'கொ'. ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவும் சேமிக்கலாம், சேர்ந்த ஒரே குறியாகவும் சேமிக்கலாம். சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி நார்மலைஸ் (யூனிகோடு குறிகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது) செய்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். கால்-புள்ளிப் பிழையை அது திருத்தாது, அதைத் தனியாகத்தான் செய்ய வேண்டும். 'கௌ'வுக்குப் பதிலாக 'கெ'யும் 'ள'வும் அடித்திருப்பார்கள். 'கெளரி'யைத் தேடிப் பாருங்கள், சிக்கும். இதை மட்டும் கண்ணால் பார்த்தே மாற்றுங்கள். 'கெளுத்தி' மாதிரி சரியான சொற்களும் உண்டு.

கேள்வி – லேஅவுட்_கோவை

தெளிவாகிவிட்டது. முகப்புக்குப் பழைய கடைப் பலகை மாதிரி ஒரு சாயல் கேட்கிறார்கள். எதைப் பார்த்து வரையலாம்?

பதில் – எழுத்துரு_ஆர்வலர்

1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, தும்பிக்கை போட்ட லை, ணை. யூனிகோடில் இவற்றுக்குத் தனிக் குறி இல்லை, வடிவத்தை எழுத்துருதான் முடிவு செய்கிறது. அந்த வடிவம் உள்ள எழுத்துருவைக் கடைப் பெயருக்கு மட்டும் போட்டால் போதும், தேடல் பாதிக்காது.

கையில் காஞ்சிபுரம் சேலையே இருக்கும்போது ஸ்டாக் படம் தேட வேண்டாம். உடலும் கரையும் சேரும் இடத்தில் பல்பல்லாக ஏறும் 'தாழம்பூ ரேக்' என்ற முக்கோண வேலைப்பாட்டைப் பக்கத்தின் பிரிவுகளுக்கு எல்லையாக வையுங்கள். கோனிக் கிரேடியன்ட்டை (மையத்தைச் சுற்றிக் கோணவாக்கில் மாறும் நிறப்பூச்சு) மாஸ்க்காக (வடிவத்தை வெட்டும் அச்சாக) போட்டு, பல் அகலம் 12 பிக்சல், உயரம் 24 வைத்தால் முனைக்கோணம் சுமார் 28 டிகிரி வரும். 90 டிகிரி வைத்தால் ரேக்காக இருக்காது, வெறும் ஜிக்ஜாக்தான். நிறத்தையும் கடையின் சேலையிலிருந்தே எடுங்கள், அரக்கு உடலுக்கு மயில்கழுத்துப் பச்சைக் கரை என்பது போல. ஜரிகைக்கு மட்டும் கிரேடியன்ட் வேண்டாம். ஒரே மஞ்சள் பொன்னிறம் போதும், சின்னத் திரையில் பளபளப்பு அழுக்காகத் தெரியும்.