சதுரங்கப் பலகையில் 32 சிறு குறிகள்: வண்ணம் கசியாமல் மரத்தில் எழுதிய அனுபவங்கள்

முதல் பதிவு

என் மகளுக்காகத் தேக்கில் ஒரு சதுரங்கப் பலகை செய்தபோது, அதன் சட்டத்தில் நான்கு பக்கமும் 5 மி.மீ. உயரத்தில் 32 குறிகளைச் செதுக்க நினைத்தேன். நிரைகளுக்குத் தமிழ் எண்கள், நிரல்களுக்கு உயிரெழுத்துகள் என்பது திட்டம். ௮ என்ற எண்ணும் அகரமும் ஒன்றுபோலத் தெரியும் என்பது வரைந்த பிறகே உறைத்தது. ககரத்தில் தொடங்கலாமென்றால் ௧ குறுக்கே நின்றது. இறுதியில் ய முதல் ன வரையுள்ள எட்டு மெய்வரிசை எழுத்துகள் கைகொடுத்தன.

செதுக்குவது நான் அஞ்சிய அளவுக்குக் கடினமாக இல்லை. கோடு நாரோட்டத்தின் திசையில் செல்லும்போது கத்தி நாரின் வழியே நழுவப் பார்க்கும். குறுக்கே செல்லும்போது மழுங்கிய முனை நாரைக் கிழித்துவிடும். எனவே முதலில் கூரிய கத்தியால் எழுத்தின் விளிம்பை மெல்லக் கீறி, நாரை அறுத்துவிட்டு, அதன்பின் உட்புறத்தைச் சிறிய உளியால் எடுத்தேன். ழகரத்தின் வால் மட்டும் இரண்டு இடங்களில் பெயர்ந்தது.

தவறு வண்ணத்தில்தான் நேர்ந்தது. கறுப்பு எனாமலை நேரடியாகப் பள்ளங்களில் நிரப்பினேன். தேக்கின் ஆண்டு வளையத்தின் தொடக்கத்தில் வெறும் கண்ணுக்கே தெரியும் பெரிய துளைகள் உண்டு. திரி எண்ணெயை இழுப்பதுபோல அவை வண்ணத்தை இழுத்துக்கொண்டன. மறுநாள் காலையில் ஒவ்வோர் எழுத்துக்கும் எறும்புக்கால்கள் முளைத்திருந்தன. உப்புத்தாளால் தேய்த்தும் போகாததால், ஏறத்தாழ 1 மி.மீ. இழைத்தெடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

இரண்டாம் முறை, செதுக்குவதற்கு முன்பே அரக்கு பாலிஷை இருமுறை பூசி உலரவிட்டேன். செதுக்கிய பின், புதிதாகத் திறந்த துளைகளை அடைப்பதற்காகப் பள்ளத்துக்குள்ளும் ஒரு மெல்லிய பூச்சு கொடுத்து, அதன்பிறகே அக்ரிலிக் வண்ணத்தை நிரப்பினேன். ஓரிரவு காயவிட்டு, மரக்கட்டையில் சுற்றிய மெல்லிய உப்புத்தாளால் மேற்பரப்பைத் தேய்த்தபோது எழுத்துகள் அச்சிட்டதுபோல நின்றன. கட்டையின்றி விரலால் தேய்த்தால் தாள் பள்ளத்துக்குள் அமிழ்ந்து வண்ணத்தையும் அரித்துவிடும்.

இரண்டாம் பதிவு

நான் கையால் செதுக்குபவன் அல்லன். பிளைவுட் பெயர்ப்பலகைகளை லேசரில் பொறிக்கிறேன். முகப்பில் ஒட்டுத்தாள் ஒட்டி, அதன் மேலேயே பொறித்து, வண்ணத்தைத் தெளித்துவிட்டுத் தாளை உரிப்பது வழக்கம். ஆனாலும் தாளின் விளிம்புக்கடியில் வண்ணம் புகுந்துகொண்டே இருந்தது. நிறமற்ற வார்னிஷை முதலில் தெளித்தால், புக வேண்டியது அதுவாகவே இருந்துவிடுகிறது. விளிம்பு அடைபட்ட பின் தெளிக்கும் வண்ணத்துக்கு வழியில்லை. லேசர் விட்டுச்செல்லும் கரியைப் பழைய பல் துலக்கியால் துடைக்காமல் தெளித்தால், வண்ணம் பின்னாளில் பொருக்காக உதிர்ந்துவிடும்.

மூன்றாம் பதிவு

முதலில் எழுதிய நண்பரின் முறை சரியானதே. ஆயினும் அதை நம்பி ஒருவர் அக்ரிலிக்குக்குப் பதிலாக நிரந்தர மார்க்கரைப் பயன்படுத்தினால் ஏமாந்துபோவார். நான் ஏமாந்தேன். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும் பொருள். அத்தகைய மார்க்கர் மைகளும் பெரும்பாலும் சாராய வகைக் கரைப்பானில் கரைந்தவையே. மை பட்ட இடத்தில் அடைப்பே இளகி, இரண்டும் கலந்து பரவின.

வெளிர்நிற மரங்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. உப்புத்தாள் கிளப்பும் கறுப்புத் தூசி, அடைபடாத துளைகளில் தங்கி மேற்பரப்பு முழுவதையும் அழுக்காக்கிவிடும். அதனால் இப்போது தேய்ப்பதை விட்டுவிட்டு, கூர்மையான இரும்புத் தகட்டால் சுரண்டியெடுக்கிறேன். மரத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையதாக இருந்தால், சன்னபட்டணம் பொம்மைகளுக்குப் பயன்படும் வெட்பாலையை முயன்று பாருங்கள். அதன் துளைகள் மிக நுண்ணியவை. தேக்கு கேட்கும் முன்னேற்பாடுகளில் பாதி அதற்குத் தேவைப்படவில்லை.

வால் பெயர்ந்த ழகரத்துக்கு ஒரு வழி: வளைவுகள் நெருங்கும் இடத்தில் கீறுவதற்கு முன் நீர்போல் ஓடும் உடனடிப் பசையை (சூப்பர் குளூ) ஒரு சொட்டு ஊறவிட்டு, நன்கு இறுகிய பிறகு கத்தியை வையுங்கள். என் ழகரங்கள் அதன்பிறகு உடைந்ததில்லை.