புதுப்பிப்பு: புது ஆற்றங்கரையில் சைக்கிள், போய் வந்துவிட்டோம்

பத்து வயது மகளோடு சைக்கிளில் போக லாரி, பஸ் தொல்லையில்லாத பாதை தஞ்சைப் பக்கம் எங்கே இருக்கிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன் அல்லவா, உங்களில் பலர் சொன்னபடியே கல்லணையிலிருந்து புது ஆறு என்கிற கல்லணைக் கால்வாயின் கரையைப் பிடித்தோம். 1934-ல் திறந்த கால்வாய்க்கு இன்னும் 'புது' ஆறு என்றுதான் பெயர்!

காலை ஆறு மணிக்குக் கிளம்பி 12 கிலோமீட்டர் போய்த் திரும்பினோம். வழியில் இரண்டு டிராக்டர், சில பைக்குகள், அவ்வளவுதான். மேட்டூர் தண்ணீர் கரையோடு ஓடிக்கொண்டிருந்தது. சைக்கிள் சங்கிலியின் சத்தம் கேட்கும் அளவுக்கு அமைதி. மின்கம்பியிலிருந்து ஒரு மீன்கொத்தி பாய்ந்து மீனோடு மேலேறியதைப் பார்த்து மகள் பிரேக் போட்டு நின்றுவிட்டாள், அதை நான் மறக்கமாட்டேன்.

ஓரிடத்தில் குறுவை நெல்லைப் பாதி ரோட்டுக்குக் காயப்போட்டிருந்தார்கள். கிண்டிக்கொண்டிருந்த அம்மா, "பாப்பா, ஓரமா உருட்டிக்கிட்டுப் போம்மா" என்றார். நெல்மேல் சக்கரம் ஏற்றாதீர்கள், அது அவர்களுடைய ஒரு போகத்து உழைப்பு.

அப்புறம் முள். மண் பாதையில் இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே சீமைக்கருவேல முள் ஏறி என் பின்சக்கரம் பஞ்சர். பக்கத்தில் கடை இல்லை, கையில் டியூபும் பம்பும் இருந்ததால் தப்பித்தோம். குழந்தைகளோடு போகிறவர்கள் தண்ணீர் பக்கம் அவர்களை விடாதீர்கள், ஓட்டம் வேகமாக இருக்கிறது.

அடுத்த முறை பொங்கலுக்கு முன்னால், சம்பா கதிர் தலைசாய்ந்திருக்கும்போது போகப்போகிறோம்.