நெல் கொட்டும் குழாயை நாலடி நீட்டலாமா?

கேள்வி: பெல்ட் வண்டிக்காரன், சேரன்மகாதேவி

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். என் அறுப்பு வண்டி பெல்ட் வண்டி, டயருக்குப் பதில் ரப்பர் பட்டையில் ஓடுவது, போன வருஷம் கைமாற்றாக வாங்கியது. கன்னடியன் கால்வாயை ஒட்டிய வயல்களில்தான் எனக்கு அறுப்பு அதிகம். பிசானம் என்கிற நெல் பருவத்து அறுப்பு முடியப்போகிற நேரத்திலும் சில வயல் சொதசொதவென்றே கிடக்கிறது. டிராக்டர் உள்ளே இறங்காது. டிரெய்லரோடு கரைப் பாதையில்தான் நிற்கும். வரப்பை இடிக்காமல் நான் எவ்வளவு ஒட்டினாலும் குழாய் வாய்க்கும் டிரெய்லர் பலகைக்கும் நடுவே இரண்டரை அடி மிச்சம்.

இப்போதைக்குப் படுதா விரித்து, அதில் கொட்டி, நாலு பேர் ஓலைக் கடவாப்பெட்டியில் அள்ளிப் போடுகிறார்கள். வண்டியில் நெல் சேரும் டேங்க் நிறைகிற ஒவ்வொரு தடவையும் வண்டி கால் மணி நேரம் சும்மா நிற்கிறது. மணிக்கணக்குக்குக் காசு கொடுக்கிற வயல்காரர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நேற்று ஒருவர், "வே, அறுக்க வந்தீரா, விதைக்க வந்தீரா?" என்று கேட்டே விட்டார்.

குழாய் 10 அடி நீளம், 6 அங்குல விட்டம். கையால் திருப்பி, பூட்டு ஊசி (பின்) போட்டுப் பூட்டுகிற வகை. பக்கத்துப் பட்டறையில் நாலடி சேர்த்து ஒட்ட ஒரு நாள் போதும் என்கிறார்கள். நாலடி என்றால் டிரெய்லர் நடுவிலேயே விழும். செய்யலாமா?

பதில்: பட்டறைக்காரன், அம்பாசமுத்திரம்

தம்பி, ஒட்டுவது ஒரு நாள் வேலைதான். அதற்கப்புறம் அது என்ன பாடு படுத்தும் என்பதைச் சொல்கிறேன்.

2 மில்லி மீட்டர் தகட்டில் 6 அங்குலக் குழாய் நாலடிக்கு 9 கிலோ வரும். உள்ளே சுழன்று நெல்லைத் தள்ளும் திருகும் அதன் தண்டும் அதே அளவு என்று வையுங்கள். ஓடும்போது உள்ளே இருக்கிற நெல்லையும் சேர்த்தால் ஏறக்குறைய 25 கிலோ, அரை மூட்டை சிமெண்ட். அது குழாயின் அடியில் உட்கார்ந்தால் ஒன்றுமில்லை. அடியிலிருந்து 12 அடி தள்ளித் தொங்குகிறது. வண்டி ஒரு வரப்பு ஏறி இறங்கினால் அந்த உலுக்கல் முழுக்க வாங்குவது குழாய் திரும்புகிற மூட்டும் அதன் கீழ்த் தகடும்தான்.

திருகைச் சுற்றுகிற பாரமும் ஏறும். 10 அடி 14 அடியானால் ஏறக்குறைய பத்துக்கு நாலு பங்கு கூடுதல். அதுவும் ஈர நெல். நம் பக்கம் அறுப்பில் வருவது 20 சதவீதத்துக்கு மேல் ஈரம்; கொள்முதல் நிலையத்தில் வழக்கமாகக் கேட்கும் 17-க்கு அப்புறம் காய வைத்துத்தான் கொண்டு வருகிறோம். காய்ந்த நெல்லில் வழுவழுவென்று ஓடுகிற திருகு ஈர நெல்லில் முனகும்.

பதில்: 15 வருஷ ஓட்டுநர், முக்கூடல்

அண்ணாச்சி சொன்னது சத்தியம். நான் ஓட்டிய ஒரு வண்டியில் மூன்றடி ஒட்டினார்கள். இரண்டு துண்டுத் திருகையும் சேர்த்த இடத்தில் சுருள் தகட்டின் முனையும் முனையும் சேரவில்லை, அரை அங்குலம் படி மாதிரி நின்றது. அந்தப் படியில் வைக்கோல் துணுக்கு சிக்கி, அதன் பின்னால் நெல் இறுகி, அடைப்பு. திருகுத் தண்டில் ஒரு மெல்லிய போல்ட் இருக்கும், பாரம் மிஞ்சினால் அது முதலில் அறுந்து மற்றதைக் காப்பாற்றுவதற்காக. அது மூன்று தடவை அறுந்தது. முதலாளி பொறுமையில்லாமல் கடினமான ஹைடென்சைல் போல்ட்டைப் போடச் சொன்னார். போட்டேன். நாலாவது தடவை போல்ட் அறவில்லை, திருகைச் சுற்றுகிற பெவல் கியரின் பல் போனது. அறுப்பு நடுவில் ஒன்பது நாள் வண்டி புளியமரத்தடியில்.

ஒன்று கேட்க வேண்டும். குழாயைத் திருப்பினால் வண்டிக்கு நேர் குறுக்காக வருகிறதா, கொஞ்சம் பின்னுக்குச் சாய்ந்தே நின்றுவிடுகிறதா?

கேட்டவர்

பின்னுக்குச் சாய்ந்துதான் நிற்கும். வாங்கியதிலிருந்தே அப்படித்தான். அதுதான் அதன் அமைப்பு என்று நினைத்தேன்.

பதில்: 15 வருஷ ஓட்டுநர், முக்கூடல்

போய்ப் பாருங்கள். நேர் குறுக்கு 90 டிகிரி என்றால், 60-ல் நின்றால் உங்கள் 10 அடிக் குழாய் பக்கவாட்டில் 8 அடி 8 அங்குலம்தான் எட்டும். ஒண்ணேகால் அடிக்கு மேல் அங்கேயே போய்விட்டது.

கேட்டவர்

அண்ணாச்சி, காலில் விழ வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்தேன். குழாயின் திருப்பு மூட்டில் ஒரு துண்டு ஆங்கிள் இரும்பு வெல்டிங் வைத்து, அதில் பழைய விளக்கு தொங்குகிறது. இரவு அறுப்புக்காக வண்டியை முன்னால் வைத்திருந்தவர் மாட்டியது போல. பூட்டும் தகட்டில் பூட்டு ஊசிக்கான அடுத்த துளை இருக்கிறது, சேறும் பெயிண்டும் அடைத்துக் கிடக்கிறது. ஆங்கிளை அரைத்து எடுத்தேன், துளையைக் குத்தித் திறந்தேன், குழாய் நேராக வந்து நின்றது. டேப் பிடித்தால் 1 அடி 4 அங்குலம் கூடுதல்.

இன்னும் 1 அடி 2 அங்குலம் குறைகிறது. அதற்கு மட்டும் ஒட்டலாமா?

பதில்: பட்டறைக்காரன், அம்பாசமுத்திரம்

அதற்குத் திருகே வேண்டாம். வாயில் ஒரு சரிவுத் தகடு போதும், உயரம் இருந்தால். குழாய் வாய் தரையிலிருந்து எவ்வளவு? டிரெய்லர் பலகையின் மேல் விளிம்பு எவ்வளவு? கரை வயலை விட எவ்வளவு உயரம்?

கேட்டவர்

வாய் எட்டரை அடி. பலகை விளிம்பு ஐந்தரை. கரை ஓரடி உயரம். ஆக இடைவெளி இரண்டடி.

பதில்: பட்டறைக்காரன், அம்பாசமுத்திரம்

தாராளம். ஈர நெல் 45 டிகிரிக்குக் குறைந்த சரிவில் வழுக்காது, தகட்டிலேயே உட்கார்ந்துகொள்ளும். ஆகவே ஒன்றரை அடி வெளியே போக ஒன்றரை அடிக்கு மேல் இறங்க வேண்டும். உங்களுக்கு இரண்டடி இருக்கிறது. இரு பக்கமும் மடித்த தகடு, நாலு போல்ட்டில் மாட்டுங்கள்; வெல்டிங் வேண்டாம், ரோட்டில் போகும்போது கழற்றி டேங்க் மேல் வைக்கலாம். சிதறாமலிருக்க நுனியில் பழைய டிராக்டர் டியூபை வெட்டி ஒரு முழம் தொங்க விடுங்கள்.

பதில்: டிராக்டர்காரன், கல்லிடைக்குறிச்சி

எங்கள் பக்கத்திலிருந்து இரண்டு வார்த்தை. பலகைக்கு நாலு அங்குலம் உள்ளேதான் விழும் என்றால் நெல் ஒரே ஓரத்தில் குவியும், டிரெய்லர் கரையில் சாயும். டிரெய்லருக்குள் ஒருவர் தள்ளு பலகையோடு நின்று அந்தப் பக்கம் தள்ள வேண்டும். அவர் அடைப்பு எடுக்கிறேன் என்று ஓடுகிற குழாய்க்குள் கையோ கம்போ விடக் கூடாது. எஞ்சினை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்த பிறகு மட்டும். அப்புறம் கரையில் மேலே கரண்ட் கம்பி போகிறதா என்று முதலில் அண்ணாந்து பாருங்கள்.

கேட்டவர்

இன்று சாயங்காலம் முதல் டேங்க் கொட்டிப் பார்த்தோம். மூன்றே நிமிஷம். படுதா மடித்தபடியே கிடந்தது. டியூப் ரப்பர் ஒரு பக்கம் முறுக்கிக்கொள்கிறது, நாளை அடியில் ஒரு இரும்பு வளையம் வைத்துப் பார்க்கப் போகிறேன். வளையம் வைத்தவர்கள் இருந்தால் எவ்வளவு கனத்தில் என்று சொல்லுங்கள்.

பதில்: 15 வருஷ ஓட்டுநர், முக்கூடல்

அரை அங்குலக் கம்பி என்றால் பாரம் அதிகம். ஆறு மில்லி மீட்டர் போதும்.