குதிரைப் பந்தயத் தளத்தின் பயன்பாட்டு ஆய்வு: யோசனை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. பிரிட்டனில் உரிமம் பெற்ற ஒரு குதிரைப் பந்தயத் தளத்தின் பயன்பாட்டு எளிமையை ஆய்வு செய்து அறிக்கை தரும் வேலையில் இருக்கிறேன். இதுபோன்ற சோதனை செய்தவர்கள் வழி சொல்லுங்கள்.

என்னை அதிகம் உறுத்துவது பந்தயச் சீட்டுப் பகுதி. அங்கே ‘ஈச் வே’ என்று ஒரு சின்னப் பெட்டி. 5 பவுண்டு எழுதி அதை டிக் செய்தால் 10 பவுண்டு போய்விடும். பாதி குதிரை முதலில் வருவதற்கு, பாதி அது முன்னணி இடங்களில் ஒன்றில் வருவதற்கு. மொத்தத் தொகை கீழே மங்கலான எழுத்தில் இருக்கிறது. புதிதாக வருபவருக்கு 11/4 என்ற விகிதமும் (4 பவுண்டு கட்டி வென்றால் 11 பவுண்டு லாபம்) புரியாது, அதையே 3.75 என்று (1 பவுண்டுக்கு மொத்தமாகத் திரும்பி வருவது) மாற்றிக் காட்டும் வசதி அமைப்புகளுக்குள் எங்கோ ஒளிந்திருக்கிறது. கிராண்ட் நேஷனல் போல 34 குதிரைகள் ஓடும் பந்தயம் என்றால் கைபேசியில் பட்டியல் முடிவதே இல்லை.

அப்புறம் இன்னொரு சிக்கல். வழக்கமாக ஒரு வேலை எவ்வளவு சீக்கிரம் முடிகிறது என்று அளப்போம். பணம் கட்டும் இடத்தில் அந்த வேகம் நல்லதா? வைப்பு வரம்பு (கணக்கில் போடும் பணத்துக்கு உச்ச அளவு), கேம்ஸ்டாப் என்ற பிரிட்டன் சுயவிலக்குத் திட்டத்தின் வழியாக இணையச் சூதாட்டத்திலிருந்து தன்னை விலக்கிக்கொள்ளும் வசதி இரண்டும் சட்டென்று கண்ணில் படுகின்றனவா என்பதையே முதலில் அளக்க வேண்டும் என்பது என் கருத்து.

போலிப் பணத்தில் சோதித்தால் மக்கள் இயல்பாக நடந்துகொள்வார்களா? சூதாட்டத்தால் பாதிக்கப்பட்டவர்களைச் சோதனையிலிருந்து தவிர்க்க என்ன கேள்விகள் கேட்கிறீர்கள்? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.